அஞ்சலை கையில் பேச்சுக்கல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக "அனுபவப் பகிர்வு" ஒன்று எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். ஊக்கம் தரும்படி இருக்க வேண்டுமாம். நடுநடுவே கற்றலும் வர வேண்டுமாம். ஓய்வு பெற்ற ஒருத்தியை பெங்களூரு ஜோகுபாளையத்தில் நிம்மதியாக அவரைக்காய் நறுக்க விடக்கூடாது என்று எங்கேயோ விதி இருக்கிறது போல. சரி, எழுதுகிறேன். ஊக்கம் வருகிறதா கொட்டாவி வருகிறதா என்பது உங்கள் பாடு.

நாம் செய்யும் வேலை என்ன என்பது என் வீட்டுக்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "ஏரியாவுக்காக ஓடியாடி ஒழைக்கிற பொம்பளைங்கள வேன்ல ஏத்தி, ஊருக்கு வெளிய கூட்டினு போயி, கண்ண மூடி ஒக்காருங்கன்னு சொல்றீங்க. அவ்ளோதானே மரகதம்?" என்பார். அவ்வளவுதான். ஆனால் அதையே ஆங்கிலத்தில் எழுதினால் நாலு பக்கம் வரும், படம் போட்டால் ஆறு பக்கம். "சமூகத் தலைவர்களின் உள்மலர்ச்சி வழியே நீடித்த மாற்றம்" என்று நம் வாசலில் பலகை தொங்குகிறதே, அதன் கீழே இருபது வருஷத்துக்கு மேல் செருப்பைக் கழற்றி வைத்தவள் நான்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். செய்கிறேன்தான். ஆனால் வேலை தேவையான வேலை, அதிலும் சந்தேகம் இல்லை. ஒரு தெருவில் ரேஷன் கார்டுக்கும் அவள்தான், பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கவும் அவள்தான், குடித்துவிட்டு அடிக்கிறவனைத் தட்டிக் கேட்கவும் அவள்தான் என்று ஒருத்தி இருப்பாள். சில வருஷம் தாங்குவாள். பிறகு எரிந்து விழுவாள், படுத்துவிடுவாள், தெருவும் பழையபடி ஆகிவிடும். அப்படிப்பட்டவளைக் கொஞ்சம் உட்கார வைத்து மூச்சு விடச் சொல்வது நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன பாடு படுத்தினோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எங்களுக்கு இருந்த டைரக்டர் திருச்சிக்காரர். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து, தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, பிறகு ஏதோ ஆசிரமத்தில் பேசாமல் உட்கார்ந்து தேறி வந்தவர். நல்ல மனிதர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு உயர்த்தியிருப்பேன், பல விஷயங்கள் அன்றன்றே முடிந்திருக்கும். தனக்கு மௌனம் மருந்தாக இருந்ததால் ஊருக்கெல்லாம் அதுவே மருந்து என்று நம்பினார். காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற டாக்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவர் கொண்டுவந்ததுதான் வட்டம். எல்லோரும் வெள்ளை மெத்தைகளில் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். என் முழங்கால் இரண்டும் போனது அதில்தான், அது தனிக் கதை. வட்டத்தில் ஒரு வழவழப்பான ஆற்றுக்கல் கைமாறி வரும். அதற்குப் பேர் பேச்சுக்கல். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், இது முதல் விதி. மற்றவர்கள் கேள்வி கேட்கக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, தீர்வு கொடுக்கக் கூடாது. பேசி முடித்ததும் வலது கையை நெஞ்சில் வைத்து எல்லோரும் ஒன்றாய் "கேட்டோம்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இது இரண்டாவது. வட்டத்தில் பேசியது வட்டத்தோடு, டீ குடிக்கும்போதோ வேனிலோ ஆபீசிலோ அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது மூன்றாவது.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒருத்தி "எங்க வூட்டுக்காரன் அடிச்சிட்டான்" என்று ஆரம்பித்தால் ஒன்பது பேர் "நீ ஏன் எதுத்துப் பேசினே" என்று ஆரம்பிக்கிற உலகம் இது. குறுக்கே பேசாமல் கேட்க ஆள் கிடைத்ததும் பல பெண்கள் அழுதார்கள். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்று விதியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. படித்தவர்கள் நிறைய பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தோம், அதனால் இருக்கலாம்.

இனி அஞ்சலை. ஈஜிபுராவில் வாடகை வீடு. அப்பா அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், அவள் பிறந்தது இங்கேதான். காலையில் கோரமங்களாவில் இரண்டு வீட்டில் சமையல், மிச்ச நேரமெல்லாம் தெரு வேலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அஞ்சலைக்கு இரண்டு வாய். போலீஸ் ஸ்டேஷனில் கன்னடம், தெருவில் தமிழ், இரண்டும் ஒரே வேகம். பூட்டின வீட்டுக்குள் தனியாக விட்டுப் போன ஒரு குழந்தை ஸ்டவ்வில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, அவள்தான் வீடு வீடாகப் பேசி, வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் ஆரம்பித்தாள். தெருவில் அதை "பேபி சிட்டிங்" என்பார்கள். ஒரே ஒரு அறை. அதன் வாடகையும், பார்த்துக்கொள்கிற ஆயாவின் சம்பளமும் எங்கள் நிறுவனம் கொடுத்து வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் நிற்கிறது.

முதல் தடவை அவள் எங்கள் வட்டத்தில் கல்லைக் கையில் வாங்கியபோது அதை வட்டமாகத் தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு மாசா மாசம் ரொம்ப ரத்தம் போவுதுங்க. கர்ப்பப்பைல கட்டி கீதுன்னு பெரியாஸ்பத்திரில சொன்னாங்க. ஆபரேசனுக்கு இன்னிக்கி வரச்சொல்லிருந்தாங்க. நா இங்க வந்துட்டேன்."

கையை நெஞ்சில் வைத்தோம். கேட்டோம் என்றோம். கல் அடுத்த ஆளுக்குப் போனது. வட்டத்தில் பேசுவதைக் குறிப்பெடுத்து எழுதுகிற எங்கள் ஆபீஸ் பெண், சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் ஊதா ஸ்கெட்சால் "உடலின் குரலைக் கேட்டல்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டாள். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. டீ நேரத்தில் அஞ்சலை வாசல்படியில் உட்கார்ந்து பிஸ்கெட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாவது விதி இருக்கிறதே. "டீ சூடா இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

அடுத்த தடவை நடந்தது இன்னும் அழகு. எங்கள் ஆண்டு விழாவில் அவளுக்கு விருது. விருதின் பேர் "ஓயாத கைகள்". மேடையில் வந்த பெரியவர், இந்தச் சகோதரிக்கு ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாது என்று பாராட்டினார், மண்டபமே கைதட்டியது. ஓய்வெடுப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. விழாவுக்கு முன்னால் நடந்த வட்டத்தில் அவள் மறுபடியும் சொல்லியிருந்தாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டாவது நாளும் இதே நாள்தான் என்று. நாங்களும் மறுபடியும் கேட்டோம். மனசார, கையை நெஞ்சில் வைத்து.

மூன்றாவது தடவைக்கு வருகிறேன். கனகபுரா ரோட்டில், மாந்தோப்புக்கு நடுவில் ஒரு முகாம் இல்லம். தலைப்பு "தன்னைப் பேணும் தலைமை". கடைசி நாள் காலையில், எங்களுக்கு நிதி கொடுக்கிறவர்கள் மும்பையிலிருந்து வந்து வட்டத்தில் உட்காரப் போகிறார்கள். வருகிற வருஷங்களுக்கு எது தொடரும் எது நிற்கும் என்று அவர்கள் அதற்குப் பிறகுதான் முடிவு செய்வார்கள். டைரக்டர் முதல் நாளே என்னைத் தனியாக அழைத்தார்.

"மரகதம் மேடம், அஞ்சலை அக்காவ கொஞ்சம் விருந்தாளிங்க எதிர்ல வர்ற மாதிரி உட்கார வைங்க. அவங்க ஜர்னி ரொம்ப ஆத்தென்டிக்."

"அவங்க ரொம்ப வெளுத்துப் போயிருக்காங்க சார்."

"ஆமா, நானும் கவனிச்சேன். ஒரு மாதிரி சாந்தம் வந்திருக்கு முகத்துல."

ரத்தம் இல்லாத முகத்தைச் சாந்தம் என்று சொல்கிறவரிடம் என்ன பேச முடியும் சொல்லுங்கள். சரி சார் என்று வந்துவிட்டேன். அன்றைக்கே அஞ்சலையிடம் கேட்கவும் செய்தேன், விதியாவது மண்ணாவது என்று. "உடம்பு எப்படி இருக்கு அஞ்சலை?" என்றேன். "ஆரோக்கியமா கீறேன்க்கா" என்றாள். வட்டத்துக்கு வெளியே அவள் அப்படித்தான் சொல்வாள். வேலைக்காரிகளுக்கு அந்தப் பதில் பழகிப்போயிருக்கும்.

விருந்தாளிகள் வந்தார்கள். அவர்களில் மூத்த அம்மாள் ஒருவர், வெள்ளைத் தலைமுடி, கழுத்தில் பெரிய சால்வை. எங்களோடு தரையில்தான் உட்காருவேன் என்று சொல்லி உட்கார்ந்தார். நல்ல சகுனம் என்று டைரக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். முகாமுக்கு வந்திருந்த தெருத் தலைவிகளின் செல்போன்களை முதல் நாளே மூங்கில் கூடையில் வாங்கி அலமாரியில் பூட்டியிருந்தோம், அகம் நோக்கித் திரும்ப வேண்டும் என்பதற்காக. அஞ்சலைக்கு அந்தப் பக்கம் நூர்ஜான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் துணிக்கடை வைத்திருப்பவள். அவள் ஏரியாவில் ஆஸ்பத்திரிக்கோ ஸ்டேஷனுக்கோ யார் போவதானாலும் துணைக்கு அவள்தான் போவாள். வாய் சும்மா இருக்காது. வட்டத்தில் சும்மா உட்காருவது அவளுக்குப் பெரிய தண்டனை.

கல் அஞ்சலையிடம் வந்தது. அவள் அவசரமே படவில்லை.

"இன்னிக்கி எனக்கு ஆஸ்பத்திரில பெட் போட்டு வெச்சிருக்காங்க. இது மூணாவது வாட்டி. இப்பிடியே வுட்டா ஒருநாள் ரோட்லயே வுழுந்து பூடுவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நா இங்க ரெண்டு வாட்டி சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு யாரும் சொல்லல." கல்லை ஒரு தடவை புரட்டினாள். "நா வேல செய்யற வூட்லயும் அப்பிடித்தான். லீவு கேட்டா மேடம் ஒன்னும் பேச மாட்டாங்க. பேசலன்னா வேணாம்னு அர்த்தம். நமக்குப் புரிஞ்சிக்கத் தெரியாதா. பேபி சிட்டிங் நீங்க நடத்திக் குடுக்கிறீங்க, நா வரலன்னா நல்லா இருக்காது. அதான் வந்துட்டேன். கோவமா எல்லாம் சொல்லல. அவ்ளோதாங்க."

கையை நெஞ்சில் வைத்தோம். கேட்டோம் என்றோம்.

ஆமாம், சொன்னோம். பழக்கம் அப்படி. இத்தனையும் கேட்ட பிறகு வட்டம் முழுக்க ஒரே குரலில், சுருதி சுத்தமாக. எழுதுகிற பெண் ஊதா ஸ்கெட்சைத் திறந்துவிட்டாள். டைரக்டர் கண்ணை மூடியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நாளாக நாங்கள் மரியாதை என்று நினைத்துக் கொடுத்த மௌனத்தை அவள் மறுப்பு என்று வாங்கிக்கொண்டிருக்கிறாள். வாங்கிக்கொண்டது அவள் தப்பும் இல்லை. முதலாளி வாயைத் திறக்காவிட்டால் லீவு கிடையாது என்பது அவள் பிழைப்பு கற்றுக்கொடுத்த பாடம். நாங்கள் முதலாளி இல்லை என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பார்த்தேன். கல்லை நீட்டிக்கொண்டே இருக்கிறாள், நூர்ஜான் வாங்கவில்லை. அஞ்சலையின் உதடு சுண்ணாம்பாக இருந்தது. இன்னொரு கையால் முந்தானையை இழுத்து மெத்தை மேல் பரப்பிக்கொண்டிருந்தாள். வெள்ளை மெத்தை. நூர்ஜான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அஞ்சலையை எனக்குத் தெரியும். இழுத்தால் வர மாட்டாள். "ஒன்னும் இல்லக்கா, ஆயிடும்" என்று அங்கேயே உட்கார்ந்திருப்பாள், விருந்தாளிகள் முன்னால் காப்பகத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஆம்புலன்ஸ் இல்லை, லீவு. அதைக் கொடுக்கக்கூடிய ஆள் எதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிதி கொடுக்கிறவர்கள் முன்னால் நான் வட்டத்தைக் கலைத்து, அதனாலேயே காப்பகம் நின்றுபோனால்? அந்தப் பயமும் இருந்தது. முழங்கால் கடகடக்க எழுந்தேன்.

"சார், ஒரு கேள்வி."

டைரக்டர் கண்ணைத் திறந்தார். வட்டத்தில் நின்றுகொண்டு பேசுகிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மரகதம் மேடம், கல்லு உங்ககிட்ட இல்லயே."

"தெரியும் சார். அஞ்சலை இன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போனா பேபி சிட்டிங் நின்னுடுமா, நிக்காதா?"

அவர் விருந்தாளிகள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நாம இத அப்புறமா தனியா பேசலாமே."

"வட்டத்துல பேசினத வெளிய பேசக் கூடாது சார். நீங்கதான் சொன்னீங்க."

அவர் நல்லவர் என்று சொன்னேன் இல்லையா. அப்போதுதான் அவரும் மெத்தையைப் பார்த்தார். முகத்தில் இருந்த சாந்தம் எல்லாம் எங்கே போனதோ, சின்னப் பையன் மாதிரி பயந்து போனார்.

"நிக்காது," என்றார்.

"எங்கிட்ட இல்ல சார். அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் முழங்காலிலேயே நகர்ந்து வட்டத்தின் நடுவுக்கு வந்தார். "அஞ்சலைக்கா, பேபி சிட்டிங்குக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு. நீங்க போங்க. தயவுசெஞ்சு போங்க." இவ்வளவு காலமாக நாங்கள் நடத்தி வந்த பயிற்சிகளில் அவர் பேசிய மிக உபயோகமான வார்த்தை அந்தப் "போங்க"தான்.

"அப்ப சரிங்க சார்," என்று சொல்லி, வீட்டு வேலை முடிந்து கிளம்புகிறவள் மாதிரி அஞ்சலை எழுந்தாள். எழுந்தவள் சாய்ந்தாள். நூர்ஜான் தாங்கிக்கொண்டாள். மும்பை அம்மாள் கழுத்திலிருந்த சால்வையை உருவி அஞ்சலையின் இடுப்பைச் சுற்றிக் கட்டினார், கறை ஆகுமே என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எங்கள் வேன் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்க, அவரே வாசலுக்குப் போய்த் தன் காரைக் கொண்டுவரச் சொன்னார். நிதி கொடுக்கிறவர்களைப் பற்றி நான் பேசி வைத்திருந்த பேச்சில் பாதியை அன்று திரும்ப எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி இன்னும் செல்லும்.

அலமாரிச் சாவி யாரிடம் என்று ஒரு கலாட்டா. கடைசியில் கூடையிலிருந்து அஞ்சலையின் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். காருக்குள் வந்ததும் அது உயிர் பெற்று அடிக்க ஆரம்பித்தது. தண்ணீர் டேங்கர் வரவில்லையாம். பின் சீட்டில் நூர்ஜான் மடியில் படுத்திருந்தவள் போனுக்குக் கையை நீட்டினாள்.

"குடுக்கா, நா சொன்னாத்தான் அவன் அனுப்புவான்."

"அரே, நீ கம்முனு கெட அஞ்சலை," என்று நூர்ஜான் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். "அலோ, அஞ்சலை இல்ல. ஆபரேசனுக்குப் போறா. டேங்கருக்காரன் நம்பர் உங்களாண்ட இல்லயா? இல்லன்னா கண்டுபுடிங்க. இத்தினி பேர் கீறீங்களே, ஒரு போன் பண்ணத் தெரியாதா?" வைத்துவிட்டாள். மறுபடியும் அடித்தது. மறுபடியும் அதே பாட்டு. பனசங்கரி சிக்னலில் நாங்கள் நின்ற நேரத்தில் ஈஜிபுரா முழுவதையும் நூர்ஜான் திட்டி முடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நேரம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். பதிவு பண்ணுகிற நர்ஸ் தமிழ் தெரிந்தவர். பேரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வாட்டி நாள் குடுத்தும் வரலியே, இவங்கதானா அது? அப்படி என்னம்மா தலைபோற வேலை?"

அஞ்சலை பதில் சொல்கிற நிலையில் இல்லை. நான்தான் சொன்னேன், உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று வகுப்புக்குப் போயிருந்தாள் என்று. நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். என் சர்வீசில் நான் கிண்டலே இல்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

அவளைப் படுக்கையில் போட்டு ரத்தம் ஏற்ற ஆரம்பித்தபோதுதான் இறுக மூடியிருந்த கையைப் பிரித்தார்கள். உள்ளே பேச்சுக்கல். இன்னா கல்லு இது, வேண்டுதலா என்று வார்டு ஆயா கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வாங்கி, தலைமாட்டு மேஜையில் ஃபேன் காற்றில் பறந்துகொண்டிருந்த ஸ்கேன் காகிதங்களின் மேல் வைத்தேன். அந்தக் கல் அதற்கு முன்னால் அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்து நான் பார்த்ததில்லை.

ரத்தம் ஏறி, உடம்பு தாங்கும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகவே நடந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் உயிரே மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா என்னைத் தனியாக நிறுத்தி வைத்துச் சொன்னார். உங்கள் நிறுவனத்தில் படித்தவர்கள் யாருமே இல்லையா என்றும் கேட்டார். எல்லோருமே படித்தவர்கள்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உங்கள் பாடத்திட்டத்தில் கடைசி அத்தியாயம் "நீடித்த மாற்றம்" தானே. அது வார்டுக்கே வந்து சேர்ந்தது. பார்க்க வந்த தெருப் பெண்கள் ஆளுக்கொரு செய்தி சொன்னார்கள். டேங்கர்காரனை அவர்களே மிரட்டி வரவழைத்துவிட்டார்களாம், இப்போது நேரத்துக்கு வருகிறானாம். காப்பகத்தில் ஆயா வராத அன்று தாய்மாரே முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம். எல்லாமே இப்படி இனிப்பாக இருந்துவிடவில்லை. ஒருத்தியின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போனவர்கள் தலைமையாசிரியரோடு சண்டை போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அதற்கு அஞ்சலை பதறுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அதை விட்டுவிட்டு டேங்கரையே பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "நா இல்லாமலே தண்ணி வந்துடுச்சா அக்கா?"

"வந்துடுச்சே."

அழ ஆரம்பித்துவிட்டாள். தையல் பிரிந்துவிடப் போகிறது என்று நூர்ஜான் அதட்டியும் நிற்கவில்லை. "தையல விட இதுதான்க்கா நோவுது," என்றாள். "நா இல்லன்னா ஒன்னும் நடக்காதுன்னுதானே ஓடினேன். இத்தினி வருசம் அவங்களுக்கு அந்த நம்பரக் கூட நா குடுக்கல." நூர்ஜான்தான் தலையைத் தடவிக்கொண்டே, எங்க ஏரியாவுல நான் ஹஜ்ஜுக்குப் போனப்ப எனக்கும் இப்படித்தான் ஆச்சு, திரும்பி வந்தா யாரும் என்னைத் தேடவே இல்ல, என்று சொன்னாள். அஞ்சலை அழுகையோடே சிரித்தாள். அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்ததை எங்கள் மாந்தோப்பு முகாமில் எத்தனை வட்டம் போட்டும் நாங்கள் நடத்திக் காட்டியதில்லை.

டைரக்டரும் வந்து பார்த்தார். ஆப்பிள் கொண்டுவந்தார், பேசாமல் உட்கார்ந்திருந்தார், போகும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரமே விதிகளில் நான்காவது ஒன்றைச் சேர்த்தார். வட்டம் முடிந்ததும், பேசியவரிடம் "இப்போ நாங்க என்ன செய்யணும்?" என்று ஒருவர் கேட்க வேண்டும். நீங்கள் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே, அது ஏதோ புத்தகத்திலிருந்து வந்தது என்று நினைத்திருப்பீர்கள். ஒரு வெள்ளை மெத்தையிலிருந்து வந்தது. கேட்கும்போது பதிலுக்காகக் காத்திருந்து கேளுங்கள். உங்கள் பேட்சில் சில பேர் அதையும் இப்போது பாட்டு மாதிரி ஒன்றாய்ச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன்.

அவர் திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் நாய் வாலை நிமிர்த்த முடியுமா? அந்த வருஷ அறிக்கையில் "ஆழ்ந்து கேட்டல் ஓர் உயிரைக் காத்தது" என்று ஒரு முழுப் பக்கம் வந்தது, மாந்தோப்புப் படத்தோடு. அதைப் படித்துவிட்டு நான் ஒருநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. எல்லோரும் நான் அகம் நோக்கித் திரும்பியிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அறிக்கை அச்சாவதற்கு முன்னால், அஞ்சலை இன்னும் வார்டில் இருக்கும்போதே நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அன்று நானும் நூர்ஜானும் அவளோடு இருந்தோம். கஞ்சி குடித்துவிட்டுக் கண் சொருகிக்கொண்டிருந்தாள். நூர்ஜானிடம் இருந்த அவள் போன் அடித்தது, டைரக்டர். பேர் பார்த்ததும் அவளே கையை நீட்டி வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எப்படி இருக்கீங்க? ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் ரொம்ப முக்கியம். ஒரே ஒரு சின்ன விஷயம். நாளைக்கு நம்ம தலைவிகள் எல்லாருக்கும் ஆன்லைன்ல ஓய்வப் பத்தி ஒரு செஷன் வெச்சிருக்கோம். நீங்க பெட்ல இருந்தபடியே வீடியோல வந்து ரெண்டு நிமிஷம் பேசினா ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும். எழுந்துக்கக்கூட வேணாம். படுத்துக்கிட்டே பேசலாம். அந்தக் கல்லையும் கையில வெச்சுக்கிட்டீங்கன்னா..."

நான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அஞ்சலை என் கையை மெதுவாக விலக்கிவிட்டாள். அவர் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். கேள்வி கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை. அவர் முடித்தார். அவள் வலது கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள்.

"கேட்டோம் சார்," என்றாள்.

அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருந்தார். "அக்கா? அப்ப நாளைக்கு..." என்று ஆரம்பிப்பது கேட்டது. அஞ்சலை போனை அணைத்து நூர்ஜானிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.